கதிர்வீச்சு தொடங்க இன்னும் மூன்று வாரம். அப்பாவின் எடை 58 கிலோவிலிருந்து 49 கிலோவாகிவிட்டது. இந்த இடைவெளியில் என்ன செய்ய வேண்டும்?

கேட்டவர்: மலையோர மகள் (குலசேகரம் அருகே)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. இருபது வயதில் தொடங்கி இந்த ஆண்டு வரை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு புறப்படும்போது வெற்றிலையும் புகையிலையும் வாயில் இல்லாமல் அவர் போனதை நான் பார்த்ததில்லை. நான்கு மாதங்களுக்கு முன்பு விழுங்கும்போது வலிக்கிறது என்றார். தொண்டைப் புண் என்று நினைத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தே இரண்டு மாதம் போய்விட்டது. பிறகு சதை எடுத்துச் சோதித்ததில் நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் என்றும், கழுத்தில் நெறி கட்டியிருப்பதும் அதன் தொடர்ச்சியே என்றும் தெரிந்தது.

அறுவைச் சிகிச்சை வேண்டாம், கதிர்வீச்சும் அதனுடன் வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசியும் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரம், மொத்தம் 35 முறை, 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்று சீட்டில் எழுதியிருக்கிறது. சொத்தையான ஆறு பற்களைச் சென்ற வாரம் பிடுங்கினார்கள். அந்தப் புண் ஆறிய பிறகு தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் ஒன்றை முகத்துக்குச் செய்து, ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்கிறார்களே, அந்தச் சிகிச்சையைத் தொடங்குவார்கள். அதற்கு இன்னும் ஏறத்தாழ மூன்று வாரம் இருக்கிறது.

என் கவலை அவருடைய எடையைப் பற்றியது. அவர் உயரம் 165 செ.மீ. நோய்க்கு முன் 58 கிலோ இருந்தார். நேற்று 49 கிலோ. சோறு விட்டு ஒன்றரை மாதமாகிறது. கடந்த பத்து நாள்களாக ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் கஞ்சித் தண்ணீர், இரண்டு முறை கட்டன் சாயா (பால் விடாத தேநீர்), எப்போதாவது ஓர் இளநீர், இவ்வளவுதான் உள்ளே போகிறது. அம்மா கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சுகிறார். அப்பா இரண்டு மிடறு குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறார். சில நேரம் தண்ணீர் குடித்தாலும் இருமல் வருகிறது.

மருத்துவர் “நன்றாகச் சாப்பிட வையுங்கள், எடை இன்னும் இறங்கினால் உணவு செலுத்த டியூப் போட வேண்டியிருக்கும்” என்றார். எதை, எவ்வளவு, எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார்கள். இரத்தச் சோதனையில் ஆல்புமின் என்ற புரதம் 3.8 இருக்கிறது, அதனால் சத்துக் குறைவு ஒன்றும் இல்லை என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். டியூப் என்றாலே அப்பா, அது சாகப் போகிறவர்களுக்கு வைப்பது என்று மறுக்கிறார்.

இந்த மூன்று வாரத்தில் அவரைச் சிகிச்சைக்குத் தயாராக்க முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: உணவியலர், நாகர்கோவில்

சகோதரி, நீங்கள் கொடுத்திருக்கும் எண்களே பாதிப் பதிலைச் சொல்கின்றன. 58 கிலோவில் 9 கிலோ என்பது 15.5 சதவீதம். ஆறு மாதத்துக்குள் 10 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலே அதைக் கடுமையான ஊட்டக்குறைவு என்று 2019-இல் உலக அளவில் ஒத்துக்கொள்ளப்பட்ட வரையறை கூறுகிறது. அப்பாவின் உடல் நிறைக் குறியீட்டெண் இப்போது 18. ஆகவே அவர் கதிர்வீச்சின் முதல் நாளுக்கு முன்பே கடுமையான ஊட்டக்குறைவில் இருக்கிறார். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் இது அரிதான நிலையன்று. கட்டி இருக்கும் இடமே உணவு செல்லும் வழி என்பதால், நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே உடல் பல மாதம் பட்டினியில் கழித்திருக்கும். மற்றப் பல புற்றுநோய்களில் சிகிச்சையால் எடை குறைவதைப் பற்றி அஞ்சுகிறோம். இங்கே சிகிச்சைக்கு வருமுன் குறைந்த எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

ஆல்புமினைப் பற்றி உறவினர் சொன்னதை விட்டுவிடுங்கள். உடலில் அழற்சி இருந்தால், உணவு போதுமானதாக இருந்தாலும் ஆல்புமின் இறங்கும். அழற்சி இல்லாதபோது, மாதக்கணக்கில் அரைப்பட்டினி கிடந்தவருக்கும் அது இயல்பான அளவிலேயே நிற்கும். ஊட்டநிலையை அறிய எடையின் போக்கு, உண்ணும் அளவு, தோள்பட்டை, தொடை, கெண்டைக்கால் ஆகிய இடங்களில் தசை கரைந்திருக்கிறதா என்பது, நடந்து தன் வேலையைத் தானே செய்ய முடிகிறதா என்பது ஆகியவற்றையே பார்க்கிறோம். அப்பாவின் கெண்டைக்காலைக் கையால் சுற்றிப் பிடித்துப் பாருங்கள், சோதனைச் சீட்டைவிட அது உண்மையைச் சொல்லும்.

அடுத்து நான் எழுதுவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பத்து நாளாக ஏறக்குறைய எதுவும் உண்ணாதவருக்கு, பதற்றத்தில் ஒரே நாளில் நிறைய ஊட்டிவிடக் கூடாது. பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென மாவுச்சத்து போனால் இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை செல்களுக்குள் இழுக்கப்பட்டு இரத்தத்தில் ஆபத்தான அளவுக்குக் குறையும். இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். எடை 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்களுக்கும், பத்து நாளுக்கு மேல் உணவு இல்லாதவர்களுக்கும் இந்த ஆபத்து மிகுதி. அப்பா இரண்டு எல்லைகளையும் தொட்டு நிற்கிறார். எனவே நாளையே மருத்துவரிடம் சென்று, மேற்சொன்ன மூன்றையும் சோதித்து, உணவைக் கூட்டுமுன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். இத்தகையவர்களுக்கு வழக்கமாக ஒரு கிலோ எடைக்கு 10 கலோரி, அதாவது அப்பாவுக்கு ஏறத்தாழ 500 கலோரியில் தொடங்கி, நான்கு முதல் ஏழு நாளில் முழு அளவுக்கு உயர்த்துவோம். இதை மருத்துவக் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

முழு அளவு என்பது கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 1,225 முதல் 1,470 கலோரி தேவை. புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்ற கணக்கில் 59 முதல் 73 கிராம் வரை வேண்டும். இப்போது மூன்று தம்ளர் கஞ்சித் தண்ணீரில் அவருக்குக் கிடைக்கும் புரதம் ஐந்து கிராம்கூட இராது. நம் மாவட்டத்தில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் முதலில் அடுப்பில் ஏறுவது கஞ்சிதான். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சோற்றுப் பருக்கையை ஒதுக்கிவிட்டுத் தெளிவை மட்டும் கொடுக்கும்போது வயிறு நிறைந்துவிடுகிறது, உடம்பு காலியாகவே இருக்கிறது.

கஞ்சியை விட வேண்டாம், அதைக் கனமாக்குங்கள். பச்சரிசியோடு வறுத்த சிறுபயற்றைச் சேர்த்துக் குழைய வேகவைத்து, மிக்ஸியில் அரைத்து, வடிகட்டி, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயோ நெய்யோ ஊற்றிக் கொடுக்கலாம். தண்ணீர் விட வேண்டிய இடங்களில் எல்லாம் பால் விடுங்கள். மீனைப் புளி, மிளகாய் இல்லாமல் மஞ்சளும் உப்பும் மட்டும் சேர்த்து வேகவைத்து, முள் நீக்கி, கஞ்சியோடு சேர்த்து அரைக்கலாம். நூறு கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. அரை லிட்டர் பாலில் 16 கிராம், இரண்டு முட்டையில் 12 கிராம், முப்பது கிராம் சிறுபயற்றில் 7 கிராம், முப்பது கிராம் உளுந்தில் மேலும் 7 கிராம். கூட்டிப் பார்த்தால் அறுபது கிராமைத் தாண்டிவிடும். கடையில் விற்கும் விலையுயர்ந்த மாவு டப்பா இல்லாமலேயே இது நடக்கும். வீட்டு உணவு போதவில்லை என்றால் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மரச்சீனி என்ற மரவள்ளிக் கிழங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மென்மையாக மசித்தால் எளிதாக இறங்குகிறது என்று பல வீடுகளில் நோயாளிக்கு அதையே மூன்று வேளையும் கொடுக்கிறார்கள். அதில் மாவுச்சத்து நிறைய உண்டு, புரதம் பெயரளவுக்குத்தான். நம் முன்னோர் மரச்சீனியைச் சாளைக் குழம்போடு சாப்பிட்டார்கள். உடம்பைக் காப்பாற்றியது அந்தச் சாளை. காரம் என்று குழம்பை நிறுத்தும்போது மீனும் சேர்ந்து நின்றுபோகிறது. அதேபோலத் தேங்காய்ப் பால் கலோரிக்கு மிகவும் நல்லது, ஆனால் பசும்பாலில் உள்ள புரதம் அதில் இல்லை.

ஒரு வேளைக்கு 150 மில்லி போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுங்கள். வலி மருந்து கொடுத்து அரை மணி நேரம் கழித்து உணவு கொடுங்கள். வலிக்கு என்ன மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. வலியை அடக்காமல் சத்துணவைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு. அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வது பிடிவாதத்தால் அன்று, ஒவ்வொரு மிடறும் கத்தி போல இறங்குவதால்தான். தண்ணீர் குடிக்கும்போது வரும் இருமலை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது நுரையீரலுக்குள் நீர் செல்வதன் அறிகுறியாக இருக்கலாம். அவர் பார்த்துச் சொல்லும் வரை தண்ணீர், கட்டன் சாயா போன்ற நீர்த்தவற்றை நிமிர்ந்து உட்கார வைத்து, சிறிது சிறிதாக மட்டும் கொடுங்கள்.

பதில் 2: முட்டம் கடற்கரையிலிருந்து ஒரு மனைவி

மகளே, உன் அம்மா கரண்டியோடு உட்கார்ந்திருப்பதாக நீ எழுதியதை வாசித்ததும் என் பழைய நாள்கள் கண்முன் வந்துவிட்டன. என் கணவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் குரல்வளையை அடுத்த இடத்தில் இதே நோய் வந்தது. கடல் தொழில் செய்தவர், நல்ல உடல்வாகு. தொடக்கத்தில் 71 கிலோ இருந்தார். இவ்வளவு உடம்பு இருக்கிறதே, கொஞ்சம் குறைந்தால் என்ன என்று நாங்களும் நினைத்தோம், சிகிச்சை பெற்ற இடத்திலும் முதல் நாள் எடை எடுத்ததோடு சரி, யாரும் உணவைப் பற்றிக் கேட்கவில்லை.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் பசைபோலக் கெட்டியாகி, எதைக் கொடுத்தாலும் மண் தின்பதுபோல் இருக்கிறது என்றார். நான்காவது வாரம் டியூப் போடச் சொன்னார்கள். உன் அப்பா சொன்ன அதே வார்த்தையைத்தான் அவரும் சொன்னார். ஐந்தாவது வாரத்தில் 60 கிலோ. முகம் வற்றியதால் மாஸ்க் தளர்ந்துவிட்டது, மீண்டும் ஸ்கேன் எடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டும் என்றார்கள். அதோடு உடம்பில் நீர்ச்சத்து குறைந்து சிறுநீரகக் கணக்கு ஏறியதால் ஊசியையும் நிறுத்தினார்கள். மொத்தம் ஒன்பது நாள் சிகிச்சை தடைப்பட்டது. அந்த ஒன்பது நாளும் நான் தூங்கவில்லை.

கடைசியில் மருத்துவமனையில் படுக்க வைத்து, வேறு வழியில்லாமல் மூக்கு வழியாக டியூப் போட்டார்கள். போட்ட நான்காம் நாள் அவர் தானாக எழுந்து வராந்தாவில் நடந்தார். “இதை முன்னமே போட்டிருக்கலாமே” என்று அவரே எழுதிக் காட்டினார், அப்போது அவருக்குப் பேச முடியவில்லை. சிகிச்சை முடிந்து இரண்டரை மாதத்தில் டியூபை எடுத்தார்கள். இப்போது மென்மையான சோறும் அயிலை மீனும் சாப்பிடுகிறார், கடலுக்குப் போகவில்லை, வலை பின்னுகிறார்.

அப்பாவிடம் நீ வாதாடாதே. டியூப் போட்டு, சிகிச்சை முடிந்து, டியூபை எடுத்தவர் ஒருவரை நேரில் பார்க்க வை. நாங்கள் ஆயிரம் சொன்னதைவிட, வெளிநோயாளிப் பிரிவில் அருகில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் தன் மூக்கிலிருந்த டியூபைக் காட்டி, ‘எனக்கு இன்னும் எட்டு நாள்தான்’ என்று சொன்னதுதான் என் கணவரின் மனத்தில் நின்றது.

மலையோர மகள்

இருவருக்கும் என் நன்றி. பதில் 1-ஐப் படித்த மறுநாளே அப்பாவை அழைத்துச் சென்றேன். பாஸ்பேட்டும் பொட்டாசியமும் எல்லையை ஒட்டிக் குறைவாக இருந்ததால் இரண்டு நாள் வார்டில் வைத்துக்கொண்டு, தயமின் ஊசி போட்டு, உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். வலிக்கு இதுவரை பாரசிட்டமால் மட்டுமே கொடுத்து வந்தோம் என்பதை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது; மார்பின் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள்.

ஆனால் வீட்டில் வேறொரு சிக்கல். என் பெரியப்பா, மீனும் முட்டையும் கரப்பான் பண்டம், பல் பிடுங்கிய புண்ணைப் பழுக்க வைக்கும் என்கிறார். சர்க்கரையும் பாலும் புற்றுநோய்க்குத் தீனி, அவற்றை நிறுத்தினால் கட்டி பட்டினியால் சுருங்கும் என்று கைப்பேசியில் வந்ததைக் காட்டுகிறார். அவர் எங்களுக்கு எல்லா வகையிலும் துணை நிற்பவர், அவரைப் புண்படுத்தாமல் என்ன சொல்வது? மேலும், எடை கூடும் வரை கதிர்வீச்சைத் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்கலாமா?

பதில் 3: கதிர்வீச்சுப் பிரிவில் பணியாற்றிய மருத்துவர், தக்கலை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: தள்ளிப் போட வேண்டாம். பல் புண் ஆறுவதற்கு வேண்டிய இரண்டு, மூன்று வாரம் நியாயமான காத்திருப்பு. கதிர்வீச்சுக்குப் பிறகு அந்தத் தாடையில் பல் பிடுங்கினால் எலும்பே மடிந்துபோகக்கூடும் என்பதால்தான் அதை முன்கூட்டியே முடிக்கிறோம். அதற்கு மேல், உடம்பு தேறட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. கட்டி வளரும், விழுங்குவது மேலும் கடினமாகும், எடை மேலும் இறங்கும். இந்த மூன்று வாரத்தில் இழந்த 9 கிலோவை மீட்க முடியாது, அது நம் இலக்கும் அன்று. 49 கிலோ 49 கிலோவாகவே நின்று, தாது உப்புகள் சீராகி, வலி அடங்கி, உணவு செல்லும் வழி ஒன்று உறுதியாகிவிட்டால் அதுவே தயார்நிலை. உணவியலர் எழுதியதற்கு இது மாறானதன்று. எடை ஏறவில்லையே என்று நீங்கள் மனம் தளரக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சிகிச்சை தொடங்கிவிட்டால் இடையில் நிறுத்தக் கூடாது என்பதில் நாங்கள் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறோம் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்களில் மொத்தச் சிகிச்சைக் காலம் ஒரு நாள் நீண்டாலும், நோய் அதே இடத்தில் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ குறைகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இடைவெளியில் எஞ்சியிருக்கும் புற்றுசெல்கள் விரைந்து பெருகுவதே காரணம். முட்டத்துச் சகோதரி எழுதிய ஒன்பது நாள் எவ்வளவு பெரியது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஊட்டம் என்பது பராமரிப்பின் ஓரத்தில் இருக்கும் செய்தியன்று. கதிரின் அளவு முழுமையாகச் சேர்வதற்கே அது வேண்டும். மாஸ்க் பொருந்தி இருப்பதும், சிறுநீரகம் சிஸ்பிளாட்டினைத் தாங்குவதும், நோயாளி தினமும் வந்து படுக்கக்கூடிய நிலையில் இருப்பதும் அதையே நம்பியிருக்கின்றன.

டியூபைப் பற்றி மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. எல்லாருக்கும் முன்கூட்டியே வயிற்றில் துளையிட்டு டியூப் வைப்பதை ஒரு சாரார் ஆதரிக்கிறார்கள். அப்படி வைத்தால் சிலர் வாயால் விழுங்குவதையே நிறுத்திவிடுகிறார்கள், பயன்படுத்தாத தசை வலுவிழந்து பின்னர் மீள்வது கடினமாகிறது என்று மறுசாரார் தயங்குகிறார்கள். நான்கு வாரத்துக்குள் முடியும் தேவை என்றால் மூக்கு வழி, அதற்கு மேல் என்றால் வயிற்று வழி என்பது பொதுவான நடைமுறை. என் கருத்தைக் கேட்டால், உங்கள் அப்பாவுக்கு இது முன்னெச்சரிக்கைக் கேள்வியே அன்று; அவருக்கு இப்போதே தேவை வந்துவிட்டது. தேவையில் பாதியைக்கூட ஒரு வாரமாக வாயால் எடுக்க முடியாதவருக்கு மாஸ்க் செய்யுமுன்பே டியூப் வைத்துவிடுவது நல்லது. டியூப் இருந்தாலும், பாதுகாப்பாக விழுங்க முடிகிறது என்று சோதித்துச் சொன்ன பிறகு, தினமும் சில மிடறு வாயால் விழுங்க வேண்டும். விழுங்கும் பயிற்சியை இப்போதே கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். வாயில் புண் வந்த பிறகு யாரும் கற்றுக்கொள்வதில்லை.

2005-இல் போர்ச்சுகலில் கதிர்வீச்சு பெற்ற 75 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்று எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். வழக்கமான உணவைத் தனித்தனியாக ஆலோசனை சொல்லித் திருத்திய குழுவே, புரதப் பானம் மட்டும் கொடுத்த குழுவையும், விருப்பப்படி உண்ண விட்ட குழுவையும்விட, சிகிச்சை முடிந்த மூன்று மாதத்துக்குப் பிறகும் நன்றாக இருந்தது. அதாவது, டப்பாவைவிட வாரந்தோறும் உட்கார்ந்து பேசும் ஓர் ஆள் கூடுதல் பயன் தருகிறார். நீங்கள் செல்லும் இடத்தில் உணவியலர் இருந்தால் வாரம் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

வாய்ப்புற்றுக்கும் நம் மண்ணுக்கும் உள்ள தொடர்பு பழையது. நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஓர் அறுவை மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்வோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-ஆம் ஆண்டிலேயே லான்செட் இதழில் எழுதினார். தொண்ணூறு ஆண்டு கடந்தும் தோட்டத்துக்குப் புறப்படுபவரின் மடியில் அதே பொட்டலம் இருக்கிறது. அப்பா புகையிலையை இன்னும் விடவில்லை என்றால், இந்த மூன்று வாரத்தில் விடச் செய்ய வேண்டியது அது.

பதில் 4: உணவியலர், நாகர்கோவில்

பெரியப்பாவிடம் பேசும்போது பத்தியம் தவறு என்று தொடங்காதீர்கள். பத்தியம் என்பது நோயாளிக்கு ஏற்ற உணவைத் தேர்ந்து கொடுப்பதுதானே. இந்த நோய்க்கான பத்தியம் வேறு என்று சொல்லுங்கள். காரம், புளிப்பு, கொதிக்கக் கொதிக்கக் கொடுப்பது, முறுக்கு போன்ற கரடுமுரடான பண்டம், மது, புகையிலை ஆகியவை ஒதுக்க வேண்டியவை. இந்தப் பட்டியலை அவர் பொறுப்பில் விடுங்கள். காப்பதற்கு அவருக்கு ஒன்று இருக்கட்டும்.

பல் பிடுங்கிய புண்ணில் புதுச் சதை வளரப் புரதம்தான் வேண்டும். அப்பாவுக்கு மீனோ முட்டையோ இதற்கு முன் ஒவ்வாமை தந்ததில்லை என்றால் அவற்றை நிறுத்தக் காரணமே இல்லை. சர்க்கரையைப் பற்றிச் சொல்லப்படுவதில் ஒரு துளி உண்மை உண்டு: புற்றுசெல்கள் குளுக்கோஸை மிகுதியாக எடுத்துக்கொள்கின்றன. ஆனால் நாம் உணவை நிறுத்தினால் உடல் தன் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் உண்டாக்கும், அதையும் கட்டி எடுத்துக்கொள்ளும். பட்டினி கிடப்பது அப்பாதான், கட்டி இல்லை. அவருக்குச் சர்க்கரை நோய் இல்லையென்றால் பாலில் கருப்பட்டி சேர்க்கலாம். மசித்த ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) கொடுக்கலாம்.

மார்பின் தொடங்கியிருப்பதால் மலச்சிக்கல் வரும், மலச்சிக்கல் வந்தால் பசி போகும். மலமிளக்கி மருந்தும் சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மலையோர மகள்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மலமிளக்கி எழுதப்படவில்லை, கேட்டவுடன் எழுதிக் கொடுத்தார்கள். பெரியப்பாவிடம் நீங்கள் சொன்னபடியே பேசினேன். இப்போது அவரே குலசேகரம் சந்தையிலிருந்து முள் குறைந்த மீனாகப் பார்த்து வாங்கி வருகிறார். அம்மா மிளகாய் டப்பாவைத் தொட்டால் அதட்டுகிறார்.

அப்பாவைச் சென்ற திங்களன்று மூக்கில் டியூப் வைத்திருந்த ஒருவரின் அருகில் உட்கார வைத்தேன். அவர்கள் இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள், பெரும்பாலும் ரப்பர் விலையைப் பற்றி. திரும்பும் வழியில் பேருந்தில் அப்பா, “அந்த மூக்குக் குழாயை நாளைக்கே வைக்கச் சொல்லு” என்றார். வைத்து ஐந்து நாளாகிறது. நேற்று எடை 49.4 கிலோ. விழுங்கும் சோதனையில், கெட்டியான நீர்மத்தைத் தலையைக் குனிந்து விழுங்கினால் புரை ஏறவில்லை என்றார்கள், அதனால் காலையும் மாலையும் கெட்டித் தயிர் ஐந்து கரண்டி வாயால் எடுக்கிறார். அடுத்த புதன்கிழமை மாஸ்க்.

ஒரு சந்தேகம். மருத்துவமனையில் செவிலியர் பார்த்துக்கொண்டார். வீட்டில் டியூப் வழியாகக் கொடுப்பது அம்மாவும் நானும்தான். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில் 5: வீட்டுப் பராமரிப்புச் செவிலியர், மார்த்தாண்டம்

கொடுக்கும்போது அப்பா உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது தலைப்பக்கம் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும்; கொடுத்து முடித்த பிறகும் ஒரு மணி நேரம் படுக்க விடாதீர்கள். மூக்கின் ஓரத்தில் டியூபில் ஒரு குறி இருக்கும், இல்லையென்றால் செவிலியரிடம் மையால் போட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். குறி நகர்ந்திருந்தாலோ, டியூப் வெளியே வந்துவிட்டாலோ நீங்களாக உள்ளே தள்ளக் கூடாது. மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அரைத்ததை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒரு வேளைக்கு 200 மில்லி அளவில், சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள், அழுத்தித் தள்ளாதீர்கள். முன்னும் பின்னும் 30 மில்லி கொதித்து ஆறிய தண்ணீர் விட்டால் டியூப் அடைக்காது. நம் ஊர் வெக்கையில் அரைத்த பால் கஞ்சியும் மீன் கஞ்சியும் விரைவில் கெடும், ஆகவே அந்தந்த வேளைக்குச் செய்யுங்கள், மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். மார்பின் உள்ளிட்ட எந்த மாத்திரையையும் பொடித்து டியூபில் போடுமுன் கேட்டுவிடுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும்.

கொடுக்கும்போது இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். எடையை வாரம் இரு முறை, காலையில், ஒரே தராசில் எடுத்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கதிர்வீச்சுக்குப் போகும் ஒவ்வொரு திங்களன்றும் அந்த நோட்டை மருத்துவர் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள். உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நோய்த்தணிப்புச் செவிலியரைப் பற்றிக் கேட்டுப் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். முதல் ஓரிரு முறை அவர் அருகில் இருந்தால் அம்மாவுக்குக் கை நடுக்கம் போய்விடும்.